பத்தொன்பது வாசல் பெட்டிகள்

இதை நான் புனையவில்லை. புனையத் தெரியாதவனும் அல்ல. கல்லூரியில் நான் கையால் எழுதிச் சுற்றுக்கு விடும் நையாண்டித் தாளில், முதல்வரின் மீசையைப் பற்றி மட்டும் ஐந்து பொய்கள் எழுதி, ஐந்துக்கும் தனித்தனியே பிரம்படி வாங்கியவன் நான். பொய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை.

நடந்தது 1909 டிசம்பர் 9, வியாழக்கிழமை. மாலை ஐந்து பத்துக்குத் தொடங்கி ஆறு இருபத்தைந்துக்கு முடிந்தது. பேய் என்றால் நள்ளிரவு வரை காத்திருக்கும் என்று நம்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நான் பார்த்தது மரியாதை தெரிந்த பேய். விருந்தாளி வரவேண்டிய நேரத்தில் வந்தது.

என் பெயர் நூருல் அமீன். அமீன் என்றால் நம்பத்தகுந்தவன். பெயர் வைத்தபோது எனக்கு வயது ஏழு நாள். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வீடு சிரங்கூன் சாலையில், மாட்டுத் தொழுவங்களுக்குப் பின்னால். மாலை வேளைகளில் துவார்த்தே மெனேசஸ் என்ற போர்த்துக்கீசியருக்கு மலாய் சொல்லிக்கொடுத்து வந்தேன். லிஸ்பனிலிருந்து ஒயின் விற்க வந்தவர். முப்பத்தைந்து வயது. காத்தோங்கில் கடலைப் பார்த்த சின்ன வீட்டில் தனியாக இருந்தார்.

அவரைப் போல இந்த ஊரை ரசித்த வெள்ளைக்காரரை நான் பார்த்ததில்லை. பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகத்துக்குப் போனால் வசனம் புரியாமலே முதல் வரிசையில் உட்கார்ந்து அழுவார். புலி இருக்கிறதென்று கேள்விப்பட்டு ஜோகூருக்கு ரயிலேறிப் போனார். ஒரு கூடை ரம்புத்தான் பழத்தோடு திரும்பினார். டிராம் வண்டியில் வேலையே இல்லாமல் கடைசி நிறுத்தம் வரை போய்வருவார். இரவு எங்கள் தெருவில் சேக் தாவூது காக்கா கடையில் ஆட்டுக்கால் சூப்.

"அமீனு, ஒங்க தொரை மனுசன்டா," என்பார் காக்கா. "எலும்ப உறிஞ்சத் தெரிஞ்ச வெள்ளைக்காரன இப்பத்தான் பாக்குறேன்."

ஆனால் சூப் கடையில் ஒயின் விற்காது. ஒயின் குடிக்கிறவர்கள் தங்ளின் மேட்டில், பெரிய தோட்டங்களுக்கு நடுவே இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குள் நுழைய ஒரு சடங்கு உண்டு. புதிதாக ஊருக்கு வந்தவர் மாலையில் ஒவ்வொரு வாசலுக்கும் போய், அங்கே மாட்டியிருக்கும் சிறு மரப்பெட்டியில் தம் பெயர் அச்சிட்ட சீட்டைப் போட வேண்டும். வீட்டில் ஆள் இருந்தாலும் பார்க்கக் கூடாது. போட்டுவிட்டுப் போக வேண்டும். சீட்டு அவர்களுக்குப் பிடித்திருந்தால் விருந்துக்கு அழைப்பு வரும். பேசாமலே பழகும் வித்தை. இதை நான் ஏற்கெனவே என் தாளில் எழுதியிருந்தேன்.

சீட்டின் மூலையை மடிப்பதிலும் பொருள் இருந்தது. மேல் வலது மூலை மடிந்திருந்தால், நானே நேரில் வந்தேன் என்று பொருள். கீழ் இடது மூலை மடிந்திருந்தால், ஊரை விட்டுப் போகிறேன், விடைபெறுகிறேன் என்று பொருள். கல்லூரி நூலகத்தில் ஒரு நடத்தை நூலில் படித்தேன்.

செப்டம்பர் 23. மெனேசஸ் குதிரை வண்டியில் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வாசலிலும் நான் இறங்கி ஓடி, சீட்டை மடித்துப் போட்டுவிட்டு வந்தேன். பத்தொன்பது வீடு.

பத்தொன்பதிலும் கீழ் இடது மூலையை மடித்தேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். நானே என்னை நிறையக் கேட்டாயிற்று. அறிமுகமாகும் அன்றே ஊரிடம் விடைபெறும் ஒரு மனிதர்... நல்ல வேடிக்கை என்று தோன்றியது. ஒரு வாரம் சிரித்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் ஆயிற்று. அழைப்பு வரவில்லை. நான் சொல்லவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. இப்போது சொன்னால் அடிப்பார் என்று பயந்தேன். பிறகு, அடிக்கமாட்டார் என்று தெரிந்தது. அது இன்னும் மோசம்.

அவர் பங்சாவானுக்குப் போவதை நிறுத்தினார். போயிருக்கும் நேரத்தில் யாராவது தேடி வந்துவிட்டால்? தினமும் மாலை ஐந்து மணிக்குக் குளித்து, வெள்ளைக் கோட்டு போட்டு, வராந்தாவில் இரண்டு நாற்காலி போட்டு உட்காருவார். ஒன்று அவருக்கு. ஏழு மணிக்குக் கோட்டைக் கழற்றுவார். பாடாங் மைதானத்தில் பேண்டு வாத்தியம் கேட்கப் போனபோது, தங்ளின் சீமாட்டிகள் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்களாம். விடைபெற்றுக்கொண்டவர் இன்னும் ஊரிலேயே திரிந்தால் யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது?

நவம்பர் கடைசியில் என்னிடம் கேட்டார். நாங்கள் பேசிக்கொள்வது மலாயில். இங்கே தமிழில் தருகிறேன்; ஐயா என்பதற்கான 'துவான்' மட்டும் அப்படியே.

"அமீன், நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?"

"இல்லை துவான். மழைக்காலம். யாரும் வெளியே வருவதில்லை."

"அப்படியா?" என்றார். "நல்லது." நிம்மதியாக வானத்தைப் பார்த்தார். அன்று மழை இல்லை.

டிசம்பர் 4, சனிக்கிழமை. கப்பலில் மலாக்காவுக்குக் கிளம்பினார். அங்கே பல தலைமுறைக்கு முன்பே தங்கிவிட்ட போர்த்துக்கீசியச் சந்ததியார் உண்டு. "என் பெயரையாவது சரியாகச் சொல்வார்கள்," என்றார். ஒரு வாரத்தில் வருவதாகச் சொல்லி, வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர் மேசையில் மிச்சச் சீட்டுகள் இருந்தன. அவர் திரும்புவதற்குள் பத்தொன்பது வீட்டிலும் சரியாக மடித்துப் போட்டுவிட்டால்? அழைப்புகள் வரும். நான் எதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். கோழையின் பிராயச்சித்தம் எப்போதும் இப்படிச் சிக்கனமாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை. ஐந்து பத்து. மழை விட்டு, செம்மண் பாதை சொதசொதவென்று கிடந்தது. அத்தாவின் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்து வந்திருந்தேன். முதல் வாசல். மேல் வலது மூலையை மடித்தேன். பெட்டியில் போட்டேன். நாலு எட்டு நடந்தேன்.

டப்.

திரும்பினேன். என் சீட்டு பெட்டிக்குக் கீழே, தரையில் கிடந்தது.

பெட்டி நிறைந்திருக்கும் என்று நினைத்து மூடியைத் தூக்கினேன். உள்ளே ஒரே ஒரு சீட்டு. துவார்த்தே மெனேசஸ். மேல் வலது மூலை மடிந்திருந்தது. சீட்டு ஈரமாக இருந்தது. மழையில் நனைந்திருக்கும் என்றால்... பெட்டியின் உட்புறம் காய்ந்திருந்தது.

இரண்டாவது வீடு. அதே சீட்டு. அதே ஈரம்.

மூன்றாவது வீட்டில் தோட்டக்காரர் முத்துசாமி புல் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தெருக்காரர்தான்.

"என்ன தம்பி, படிப்ப வுட்டுட்டுத் தபால்காரனா ஆயிட்டியா?"

"துரை சீட்டுப் போட வந்தேன் அண்ணே."

"வெளங்கிச்சு போ. அவரே இப்பத்தானே போட்டுட்டுப் போறாரு? தொப்பியக்கூடத் தூக்கிக் கும்புட்டாரு எனக்கு."

"யாரு?"

"ஒங்க மேனேசு தொரைதான். அந்தா... முன்னாடி போறாரு பாரு."

பார்த்தேன். பாதை வளையும் இடத்தில், வெள்ளைக் கோட்டு. நடையைப் பார்த்ததும் தெரிந்தது. வலது தோளைக் கொஞ்சம் இறக்கி நடப்பார்.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. எரிச்சல். மலாக்காவிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெரிந்துவிட்டது... என்னிடம் சொல்லாமல் அவரே திருத்திக்கொண்டிருக்கிறார்.

"துவான்!" என்று கத்தினேன். அவர் நிற்கவில்லை.

வேகமாக நடந்தேன். ஐந்து முப்பத்தைந்து. நாலாவது வீடு. அவர் ஐந்தாவது வாசலில் இருந்தார். பெட்டி மூடி விழும் சத்தம். டக்.

ஓடினேன். ஐந்தாவது வீட்டை அடைந்தேன். அவர் ஆறாவதில். டக்.

அவர் நடந்தார். நான் ஓடினேன். தூரம் மட்டும் மாறவில்லை.

அப்போதுதான் கீழே பார்த்தேன். செம்மண் பாதை. என் செருப்புத் தடம் கணுக்கால் ஆழத்துக்குப் பதிந்திருந்தது. எனக்கு முன்னால்... ஒன்றுமே இல்லை. கொத்துக் கொத்தாக நீர்த்துளிகள் மட்டும், ஈரத் துணியிலிருந்து சொட்டியதைப் போல.

குனிந்து தொட்டேன். ஏன் நாக்கில் வைத்தேன் என்று தெரியாது.

உப்பு.

ஐந்து ஐம்பத்திரண்டு. பதினோராவது வீடு. டக்.

ஆறு மணி. பதின்மூன்று. வெளிச்சம் வேகமாகக் குறைந்தது. வெள்ளைக் கோட்டு மட்டும் குறையவில்லை.

திரும்பி ஓடியிருக்கலாம். நியாயமான எவனும் ஓடியிருப்பான். ஆனால் அந்த மனிதர் பத்தொன்பது வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தது என்னால். கால் கேட்கவில்லை. பின்னாலேயே போனேன்.

பதினேழு. டக்.

பதினெட்டு. டக்.

பத்தொன்பதாவது வாசல். பாதை அங்கே முடிகிறது. அவர் சீட்டைப் போட்டார்.

சத்தம் வரவில்லை.

அவர் அப்படியே நின்றார். முதுகு எனக்கு. கோட்டு நுனியிலிருந்து சொட்டு... சொட்டு... சொட்டு...

ஆறு இருபது.

"துவான்," என்றேன். "மூலையை மாற்றி மடித்தது நான்தான். வேடிக்கைக்காக. மழைக்காலம் என்றது பொய். உங்கள்மேல் தப்பே இல்லை."

சொட்டு...

"மன்னித்துவிடுங்கள்."

"தெரியும், அமீன்."

அவ்வளவுதான் சொன்னார். கோபமில்லாத குரல்.

தமிழில் சொன்னார்.

நான் அவருக்குத் தமிழ் ஒரு சொல்கூடச் சொல்லித் தந்ததில்லை.

கண்ணைத் திறந்தபோது ஆறு இருபத்தைந்து. எப்போது மூடினேன் என்று தெரியாது. வாசலில் யாருமில்லை. பெட்டியின் மூடி திறந்தபடி ஆடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை...

சனிக்கிழமை மலாக்காவிலிருந்து கடிதம் வந்தது. அங்குள்ள பாதிரியார் ஒருவர் எழுதியிருந்தார். டிசம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மெனேசஸின் உடல் கரையில் ஒதுங்கியதாம். முந்தின இரவு கப்பலிலிருந்து விழுந்திருக்கிறார். விழுந்தாரா, குதித்தாரா, பார்த்தவர் இல்லை. அன்று மாலையே அடக்கம் செய்துவிட்டார்கள். சட்டைப்பையில் இருந்த காகிதத்தில் ஒரே ஒரு முகவரிதான் இருந்ததாம். அதனால் எனக்கு எழுதுகிறாராம். இந்த ஊரில் அவருக்கு வேறு யாரைத் தெரியும் என்றும் கேட்டிருந்தார்.

பதில் எழுதினேன். யாரையும் தெரியாது என்று.

சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்கக் காத்தோங் போனேன். கதவைத் திறந்தால், கீழ் இடுக்கில் ஒரு குவியல். உறைகள். விருந்துக்கு அழைப்புகள். எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லை.

அவர் இறந்ததை நான் தங்ளினில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்போது என்று கேட்பார்கள். பிறகு ஏன் என்று கேட்பார்கள். அழைப்புகளைக் கட்டிவைத்துவிட்டு, பதில் வராவிட்டால் அவர்களே மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் ஆயிற்று. போன திங்கட்கிழமை முத்துசாமியைச் சேக் தாவூது காக்கா கடையில் பார்த்தேன்.

"ஏந்தம்பி, தொரை மட்டும் வாராரு, ஒன்னையத்தான் காணோம்?"

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். "எங்கே வாராரு?"

"எங்க எஜமானி ஊட்டுக்குத்தான். வியாழன் தவறாம, அஞ்சு மணிக்கு. அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. இவரு மாதிரி சிரிக்கச் சிரிக்கப் பேசறவரு இல்லன்னு எல்லாரு கிட்டயும் சொல்லுது. மத்த ஊட்டுலயும் கூப்புடுறாங்களாம்."

"சாப்பிடுறாரா?"

"தட்டத் தொடமாட்டாரு. வராந்தாவுல நாக்காலி போடுறது நாந்தானே? அவரு எந்திரிச்சுப் போனதும் அது தொப்பலா நனைஞ்சு கெடக்கும். தொடைச்சுத் தொடைச்சு எங்கையெல்லாம் உப்புப் பூத்துப்போச்சு." கையைக் காட்டினார். வெள்ளையாக இருந்தது. "போன வாரம் ஒன்னையக் கேட்டாரு. ஒரு நா கூட்டியா முத்து, பக்கத்துல நாக்காலி சும்மாதானே கெடக்குன்னாரு. நல்லாத் தமிழ் பேசுறாரே... நீ சொல்லிக்குடுத்ததா?"

கல்லூரியில் பரீட்சை நடக்கிறது, இப்போது வர முடியாது என்று சொல்லச் சொன்னேன்.

"சரி, சொல்றேன். எப்ப முடியுதுன்னு கேப்பாரே?"

வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன். புதன்கிழமையோடு முடிகிறது.