தோள் கிழிந்த நீலப் பனியன்

எங்கள் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தது ஒரு கபடி டீம். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை. பொங்கலுக்கு மூன்றாம் நாள், கரிநாளன்று, ஆட்டக் களத்தின் ஓரத்தில் சொம்புத் தண்ணீரோடு நான் நின்றது அப்படியே நினைவிருக்கிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

நாகமலைக்குத் தெற்கே, கிணற்றுத் தண்ணீரை நம்பி விவசாயம் செய்கிற ஊர் எங்களுடையது. அப்பாதான் டீமுக்குக் கேப்டன். சித்தப்பா, அம்மாவின் தம்பியான மாமா, பங்காளி வீட்டு ஆட்கள் நாலு பேர், ஆக ஏழு பேர். அக்கா பிறந்த வருஷம் வாங்கின கரிநாள் கேடயம் அதற்குப்பின் எங்கள் வீட்டுச் சுவரை விட்டுப் பல வருஷம் இறங்கவே இல்லை. அக்கா வளர வளர இந்த ஏழு பேருக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது யாருக்கும் உறைக்கவில்லை. மாமாவுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. ஆடும்போது அதைக் கயிறு போட்டுப் பின்மண்டையில் கட்டிக்கொள்வார். சித்தப்பாவுக்குத் தொந்தி. ஒருவர் பேரனே எடுத்துவிட்டார். ஏழு பேரும் ஒன்றாகக் குனிந்தால் முழங்கால்கள் சடசடவென்று சொடக்குப் போடும் சத்தம் கோட்டுக்கு வெளியே நிற்கிற எனக்குக் கேட்கும்.

ஆனால் அப்பாவின் பிடி அப்பாவின் பிடிதான். ஓரத்தில் நிற்பார். எதிராளி பாடி வந்து ஒரு நொடி அசந்தால் போதும், இரண்டு கையும் அவன் கணுக்காலில் பூட்டு மாதிரி விழுந்துவிடும். அதிலிருந்து தப்பிப் போனவன் கிடையாது.

எனக்கு எட்டு வயதான கரிநாளில் கீழூர்ப் பையன்கள் வந்தார்கள். நீலப் பனியன். ஏழு பேருக்கும் சேர்த்துத் தொந்தி என்று ஒன்று இல்லை. அதில் ஒல்லியாக ஒருத்தன், ஒரே மூச்சில் நாலு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டினான். மாமா எட்டிப் பிடித்ததில் பனியனின் தோள் கிழிந்து துணி மட்டும் கையில் வந்தது. ஆள் போயே போய்விட்டான். முப்பத்தொன்பதுக்குப் பதினொன்று. அப்பாவின் பூட்டு விழுவதற்கு அன்றைக்கு ஒரு கால்கூட நிற்கவில்லை. கேடயம் இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. அம்மா அங்கே காலண்டரை மாட்டினாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டார்.

டீமைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்ற பேச்சு ஆரம்பித்தது. ஊரில் இளவட்டம் இல்லாமல் இல்லை. "அதுகளுக்குச் சைக்கிளும் சினிமாவும் இருந்தாப் போதும்" என்று சித்தப்பா ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டார். ஒருநாள் பம்புசெட்டுக்குச் சோற்றுவாளி கொண்டுபோனபோது மாமா சொல்லிக்கொண்டிருந்தார்:

"மச்சான், அந்த ஒல்லிப் பயல நம்ம பக்கம் இழுத்துட்டாப் போதும். மத்தத நாம பாத்துக்குவோம்."

"எப்புடி இழுப்ப மாப்ள? ஊர்க்காரன் இல்லாட்டி ஊர் மாப்ள. வேற ஆளு எறங்க முடியுமா?"

மாமா அப்பாவையே பார்த்தார். அப்பா தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார். அப்புறம், "பய நல்லவனா?" என்று கேட்டார். முடிந்தது.

அக்கா அப்போது பசுமலையில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷப் படிப்பில் ஒன்று முடிந்திருந்தது. ஆஸ்டலில் தங்கிப் படித்தாள். லீவில் வந்தால் என்னை உட்காரவைத்து, இல்லாத கரும்பலகையில் விரலால் எழுதிக் காட்டிப் பாடம் நடத்துவாள். நான் கொட்டாவி விட்டால் காதைத் திருகுவாள். தீபாவளி லீவுக்கு வந்தவளைத் திரும்ப அனுப்பவில்லை. தகரப் பெட்டியை எடுத்துவரச் சித்தப்பா போனார். மார்கழியில் கல்யாணம் கூடாது, தை பிறந்தால் கரிநாள் வந்துவிடும், ஆகவே கார்த்திகையிலேயே முடித்தாக வேண்டும் என்று அவசரப்பட்டார்கள்.

"இன்னும் ஒரே வருசந்தானப்பா" என்று அக்கா கேட்டாள். நான் அங்கேதான் நின்றேன்.

"நல்ல எடம் தேடி வரும்போது விடக் கூடாதும்மா. படிப்பு எங்க போகுது?" என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் தலை பின்னிவிடும்போது நான் என் பங்குக்கு அக்காவைச் சமாதானப்படுத்தினேன். பம்புசெட்டில் கேட்டதை அப்படியே ஒப்பித்தேன். "நீ கல்யாணம் பண்ணுனா நம்ம டீம் ஜெயிச்சிரும்க்கா! கேடயம் வந்துரும்!" அக்காவின் கை நின்றது. அப்புறம் ஜடையை இழுத்துப் பின்னினாள் பாருங்கள், மண்டைத்தோல் பிய்ந்துவிடும் போல் இருந்தது. அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. சீர்த் தட்டில் வேட்டி சட்டைக்குமேல் புத்தம்புதுச் சிவப்புப் பனியன் ஒன்றை மடித்து வைத்திருந்தார் மாமா. முதுகில் ஏழு என்று வெள்ளைத் துணியில் தைத்திருந்தது. மாப்பிள்ளை அதை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பே சம்மதம் என்று ஏழு பேரும் எடுத்துக்கொண்டார்கள். இதில் கூத்து என்னவென்றால், வாயைத் திறந்து அவரிடம் யாருமே கேட்கவில்லை. பெண்ணைக் கொடுத்துவிட்டு ஆட வா என்று கேட்பது கௌரவக் குறைச்சலாம். கேட்காமல் பெண்ணைக் கொடுக்கலாமாம்!

மாட்டுப்பொங்கலன்று அக்காவும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். கோழி அடித்தார்கள். மறுநாள் கரிநாள். காலையில் கொல்லையில் அக்கா எதையோ மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "ஏ குட்டி, இதக் கோத்துக் குடு" என்று ஊசியை நீட்டினாள். நீல நூல். மடியில் இருந்தது நீலப் பனியன், மாமா கிழித்த அதே தோள்.

"இது எதுக்குக்கா? செகப்புதான் இருக்குல்ல?"

"செகப்பு உங்கப்பாவுக்கு அளவாத்தான் இருக்கும். அவரே போட்டுக்கிறட்டும்."

உங்கப்பா! எனக்குத் திக்கென்றது. அப்பா எப்போதிலிருந்து எனக்கு மட்டும் அப்பா ஆனார்? கேட்டால் காதைத் திருகுவாள் என்று, நூலைக் கோத்துக் கொடுத்துவிட்டுக் கரும்பு தின்னப் போய்விட்டேன்.

சாயங்காலம் களத்தில் நிற்க இடமில்லை. எங்கள் ஆட்கள் ஆறு பேர் சிவப்பில் இறங்கி ஏழாவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். "கூட்டாளிகளப் பாத்துட்டு வாரேன் மாமா" என்று மதியமே கிளம்பின மாப்பிள்ளை, எதிர்ப்பக்கத்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நீலப் பனியனில்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சித்தப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது. அப்பாவின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். அதற்கு முன்னால் அப்பாவுக்கு அதிர்ச்சி என்ற ஒன்று வரும் என்றே எனக்குத் தெரியாது. எனக்கோ அழுகை முட்டியது. நேற்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து கோழிக்கால் கடித்த மனிதர்!

அப்பா நடுக்கோடு வரைக்கும் போனார். "என்ன மாப்ள இது?"

"நான் எங்க ஊருக்குத்தான மாமா ஆடுவேன்?" மாப்பிள்ளை நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "மாத்தி ஆடணும்னு யாரும் எங்கிட்டச் சொல்லலையே."

திரும்பித் தன் இடத்துக்கு நடந்தார் அப்பா. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு இடம் விட்டு ஒதுங்கியிருந்த பேரன் எடுத்தவரே, ஐம்பதைத் தாண்டியவர், மறுபடி ஏழாவது ஆளாக வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு இறங்கினார்.

ரோஷம் என்றால் அதுதான் ரோஷம். கிழட்டு டீம் என்று சிரித்தவர்கள் வாயை மூடிக்கொள்ளும்படி ஆடினார்கள். மாமா மூச்சு வாங்கிக்கொண்டே மூன்று பேரை அவுட்டாக்கினார். சித்தப்பா தொந்தியாலேயே ஒருவனைக் கோட்டுக்கு வெளியே தள்ளினார். இடைவேளையில் எங்கள் ஆட்கள் ஒரு பாயிண்ட் முன்னால்.

நான் சொம்பை நீட்டினேன். அப்பா குடித்துவிட்டு எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாமன் கிழிச்ச தோளு. தச்ச எடமே தெரியல" என்று தனக்குத்தானே சொன்னார்.

"அக்காதான் தச்சா" என்றேன் பெருமையாக. "நாந்தேன் நூலு கோத்துக் குடுத்தேன்."

அப்பா சொம்பைக் கீழே வைத்தார். "அக்காவா?"

"ஆமா. செகப்பு உங்கப்பாவுக்குத்தான் அளவா இருக்கும்னா. பம்புசெட்டுல மாமா சொன்னத நான் அப்பவே அவகிட்டச் சொல்லிட்டேன்ல?"

அப்பா கூட்டத்துக்குள் தேடினார். பொம்பளைகள் எல்லாம் வேப்பமரத்தடியில் தள்ளித்தான் நிற்பார்கள். அக்கா மட்டும் கோட்டுக்குப் பக்கத்தில், முன்வரிசையில் நின்றிருந்தாள். கைதட்டவில்லை, சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் இரண்டாவது தடவை ஊதியபின்தான் அப்பா களத்துக்குள் போனார்.

கடைசியில் இரண்டு பக்கமும் சமம். முடிய ஒரே ஒரு பாட்டு. மாப்பிள்ளைதான் பாடி வந்தார். இடது ஓரம் பாய்ந்து மாமாவைத் தொடப்போனவர் ஒரு நொடி சறுக்கினார். ஒரு நொடி போதாதா? அப்பாவின் இரண்டு கையும் கணுக்காலில் விழுந்தன.

"மாமனாரு மாப்ள காலப் பிடிச்சுட்டாருடோய்!" என்று எவனோ கத்தினான். ஊரே குதித்தது. நானும் குதித்தேன். மாப்பிள்ளை மண்ணில் கிடந்து கையை நீட்டினார். நடுக்கோடு ஒரு முழத்துக்கு அப்பால். மற்ற ஆட்கள் எழுந்து ஓடிவர வேண்டியதுதான் பாக்கி.

அப்போது அப்பா தலையைத் தூக்கினார். நேர் எதிரே அக்கா நின்றாள். நான் அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தியமாகப் பார்த்தேன்: விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. கால் நழுவியது. மாப்பிள்ளை உருண்டு கோட்டைத் தொட்டுவிட்டார்.

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. பூட்டு எப்படித் திறந்தது? நீலப் பனியன்கள் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

"என்ன மச்சான்! கைக்குள்ள இருந்ததப் போயி..." மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வயசாயிருச்சு மாப்ள. பிடி நிக்கல" என்றார் அப்பா, மண்ணைத் தட்டிக்கொண்டே.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு, "நல்லா ஆடுனீங்க மாப்ள" என்றார். பிறகு அக்கா இருந்த பக்கம் பார்க்காமல், "பசுமலைக்கு ஒரு எட்டுப் போயி, மறுபடி சேத்துக்குவாங்களான்னு கேட்டுட்டு வருவமா?" என்றார். மாப்பிள்ளை சரி என்றார். அக்கா எழுந்து அடுப்படிக்குள் போனாள். அந்த வாரமே அப்பாவும் மாப்பிள்ளையும் ஒரே பஸ்ஸில் போய்வந்தார்கள். அக்கா விட்ட இடத்திலிருந்து படித்தாள்.

அடுத்த வருஷம் எங்கள் தெருப் பையன்கள் ஏழு பேர் சிவப்புப் பனியன் கேட்டு வந்தார்கள். இத்தனை நாள் எங்கேடா போனீர்கள் என்றார் சித்தப்பா. "நீங்க எங்கள எங்கண்ணே கூப்டீங்க?" என்றான் அதில் ஒருத்தன்.

ஆனால் அப்பா பிடி விட்ட அந்தப் பொங்கல் கழிந்து பத்து நாள் எனக்கு வேறு வேலை இருந்தது. ஊரெல்லாம் சொன்ன மாதிரி அப்பாவுக்குக் கை போய்விட்டது என்றுதான் நானும் நம்பினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விளக்கெண்ணெயைச் சூடாக்கி எடுத்துப்போய் அவர் மணிக்கட்டை நீவிவிடுவேன். அவரும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"வலிக்குதாப்பா?"

"வலிக்குதும்மா."

"இங்கயா?"

அப்பா கையை இன்னும் கொஞ்சம் நீட்டி, "அங்கதான்" என்றார். நான் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டு, மணிக்கட்டை அழுத்தித் தேய்த்தேன்.