ஆறாம் நம்பர் கார்பைனின் லைட்

1. ஒரு சாண் குழல்

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் ஒரு திங்கட்கிழமை காலை, இன்ஸ்பெக்டர் ஐயா என் மேசையில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்தார்.

"ஆர்மரரே, ஆறு லைட்டு இருக்கு. நம்ம குட்டைக் கார்பைன்ல மாட்டணும். வெள்ளிக்கிழமை பெரிய ஆபீசர் பாக்க வர்றாரு."

நான் அப்போது புதுச்சேரியில் ஓர் ஆயுதப் பிரிவில் ஆர்மரர், அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவன். இருபது வருடம் நீளமான பழைய ரைபிள்களோடு குப்பை கொட்டியவன். குழல் நீளம் குறைந்த இந்தக் கார்பைன், இருட்டு அறைக்குள் புகுந்து தேடும் புது டீமுக்காக வந்தது. குழலில் ஒரு க்ளாம்ப், க்ளாம்ப்பில் லைட். குழல் எங்கே பார்க்கிறதோ அங்கேயே வெளிச்சமும் விழ வேண்டும். சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

பெட்டிக்குள் இருந்த தாள் பிரெஞ்சில் இருந்தது. நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். 'மிசே', அதாவது ஐயா, என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவரிடம் தாளை நீட்டினேன்.

"ரொம்ப முன்னாடி மாட்டாதன்னு போட்டிருக்கான். சுட்டா புகை கண்ணாடில படியுமாம். ரொம்பப் பின்னாடியும் வேணாம், குழலோட நிழல் விழுமாம். நடுவுல மாட்டு."

"நடுவுன்னா எங்க மிசே? குழலே ஒரு சாண்தான இருக்கு?"

"அத எழுதலியேய்யா இதுல."

குழப்பம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

2. பீச்சாங்கை

துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்குகிற கையின் கட்டைவிரலுக்கு லைட்டின் சுவிட்ச் எட்ட வேண்டும். டீமில் ஐந்து பேர் வலது கைக்காரர்கள். இடது கையால் தாங்குவார்கள். அவர்களுக்கு லைட்டை இடப்பக்கம் மாட்டினேன். ஆறாவது ஆள் குமரவேல் இடது கைக்காரன். அவனுக்காக ஆறாம் நம்பர் கார்பைனில் மட்டும் வலப்பக்கம் மாட்டினேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

குமரவேல் தவளக்குப்பம் தாண்டி ஒரு மீனவக் குடும்பத்துப் பிள்ளை. முதல் தடவை டீமுக்குத் தேறவில்லை. விடாமல் மறுபடி ஓடி, ஏறி, குதித்து உள்ளே வந்தவன்.

செவ்வாய்க்கிழமை ஆறு லைட்டையும் சுவரில் குறி வைத்துச் சரிபார்த்து இறுக்கினேன். புதன் காலை, ஜன்னல் எல்லாம் அடைத்த ஹாலில் காலித் துப்பாக்கிகளோடு ஒத்திகை. ஐந்து வெளிச்சம் டார்கெட்டில் விழுந்தது. ஆறாவது, டார்கெட்டுக்கு நாலு அடி தள்ளிச் சுவரோரம் நின்ற இன்ஸ்பெக்டர் ஐயாவின் வயிற்றில் விழுந்தது.

"யோவ் குமரவேலு! டார்கெட்ட தேடச் சொன்னா என் தொப்பைய தேடுற!"

"பீச்சாங்கைக்கு எப்பவும் பக்கத்து வீடுதான் ஐயா தெரியும்" என்று பின்னாலிருந்து ஒருவன் எடுத்துக் கொடுக்க, ஹாலே சிரித்தது.

சரிசெய்து இறுக்கினேன். அன்று பிற்பகல் ஒத்திகையில் ஊசி மாதிரி நின்றது. வியாழன் காலை பார்த்தால் வெளிச்சம் கூரையில்! திருகாணியை மாற்றினேன். க்ளாம்ப்பை மாற்றினேன். ஐந்தாம் நம்பர் லைட்டை எடுத்து ஆறில் போட்டேன். மறுபடி நேராக நின்றது. ஆனால் நேற்றும் இப்படித்தானே நின்றது? சூடா, ஈரமா, உப்புக் காற்றா? ஒன்றும் விளங்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பினாலாவது பூதம் என்று தெரியும். இங்கே என்ன கிளம்பியது என்பதே தெரியவில்லை.

"அண்ணே, சத்தியமா நான் எதையும் திருகலண்ணே. வாங்கினேன், தூக்கினேன், அவ்ளோதான்" என்றான் குமரவேல்.

இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ லைட்டு மாட்டின மவுண்ட்ல கோளாறா, அவன் கையில கோளாறா? ஒரு வரி எழுதிக் குடு. கையிலன்னா அவன கேட் டூட்டிக்கு அனுப்பிட்டு வேற ஆளப் போடறேன்."

'மவுண்ட்டில் கோளாறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் பெயரை எழுதவில்லை. எழுதாத பாதியை எவரும் படித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

சாயங்காலம், கேட் டூட்டிக்குப் போகச் சொன்ன உத்தரவோடு குமரவேல் வந்தான். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை.

"எங்கம்மா மீன் கூடையோட தெருத்தெருவாச் சொல்லிட்டு வந்துடுச்சுண்ணே, எம்புள்ள புது டீம்ல இருக்கான்னு. இப்ப எந்தத் தெருவுல போயி இல்லன்னு சொல்லும்?"

3. கம்பி

வெள்ளி காலை ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆயுத அறைக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் ராஜாங்கம், அதிகம் பேசாத மனிதர். ஆறாம் நம்பர் கார்பைனை மடியில் வைத்து, ஒரு கண்ணை மூடி, ஆலன் கீயால் லைட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க ராஜாங்கம்?"

"தெனமும் பண்றதுதாண்ணே. மத்த அஞ்சுக்கும் லைட்டு இந்தப் பக்கம். இது ஒண்ணுக்கு மட்டும் அந்தப் பக்கம். ராக்குல வச்சா கம்பி பூட்டமாட்டேங்குது, லைட்டு இடிக்குது. அதான் சாயங்காலம் தளர்த்திச் சாய்ச்சு வச்சுட்டு, காலையில பழையபடி நேராக்கிக் குடுத்துடுவேன்."

"நேராவா? கண்ணாலயா?"

"வேற எதால?"

எங்கள் மர ராக்கில் துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்தி, குறுக்கே ஓர் இரும்புக் கம்பியைச் செருகிப் பூட்ட வேண்டும். 'கம்பி பூட்டாமல் ஓர் ஆயுதமும் இருக்கக் கூடாது' என்று சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். எழுதியவன் நான்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியே. லைட்டு ஏன் ஆடுதுன்னு ஊர் பூரா கேட்டீங்க. இந்த வாசலுக்கு வந்தீங்களா? வெளக்குக்கு அடியிலதாண்ணே இருட்டு."

4. இரண்டாவது தாள்

லைட்டைச் சரியாக இறுக்கிவிட்டு இன்ஸ்பெக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் தாளைத் திருப்பிக் கேட்டேன்.

"அது மேல போயிடுச்சுய்யா. வேணும்னா புதுசா எழுது. ஆனா எழுதினா உனக்கு மெமோ வரும்."

எழுதினேன். இந்தத் தடவை பெயர் போட்டே எழுதினேன்: 'காவலர் குமரவேல் கையில் கோளாறு இல்லை. லைட் மாட்டியபோது ராக்கை நான் பார்க்கவில்லை. தவறு என்னுடையது.'

படித்துவிட்டு அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "கேட்ல நிக்கிறவன வரச் சொல்லு" என்றார்.

பதினோரு மணிக்குப் பெரிய ஆபீசர் வந்தார். ஆறு வெளிச்சமும் டார்கெட்டில் நின்றன. அவர் டீ குடித்துவிட்டுப் போனார். ஆறாம் நம்பரை அவர் தனியாகப் பார்க்கக்கூட இல்லை.

"அம்மா என்ன சொல்லுச்சு?" என்று குமரவேலைக் கேட்டேன்.

"நேத்து கேட்டுக்குப் போனத அதுகிட்ட சொல்லவே வாய் வரலண்ணே. இனிமே சொல்லவும் மாட்டேன்" என்று சிரித்தான்.

அடுத்த வாரமே ராக்கின் மரத்தைச் செதுக்கி ஆறாம் நம்பருக்கு இடம் விட்டோம். மெமோவும் வந்து சேர்ந்தது. இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறேன். தம்பிகளே, ஒரு பொருள் கெட்டுப்போனால் அதைப் பிடித்த கை எது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். பிடிக்காத நேரத்தில் அது எங்கே இருந்தது என்றும் கேளுங்கள். அதற்கு முன்னால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.