முதல் அத்தியாயத்தில் செத்த விமர்சகன்

துப்பறியும் நாவல்கள் எனக்குப் பிடிக்காது. அதனால்தான் விமர்சனம் எழுதுகிறேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. பட்டா, ரேஷன் கார்டு என்று ஆள் வராத நேரத்தில் ஃபேஸ்புக்கில் ஏதாவது ஒரு நாவலை ஒழித்துக்கட்டுவேன். முதல் வரியிலேயே கொலைகாரன் யாரென்று போட்டுவிடுவேன். முந்நூறு பக்கம் மூடிமூடி வைத்ததை ஒரே வரியில் திறந்துவிட்டால் எழுதியவனுக்கு வயிறு எரியும். அதில் நான் குளிர்காய்வேன்.

வல்லத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் ஒருவர் ஒரு நாவல் எழுதினார். “கொன்றது சித்தப்பா. கடலை மூட்டையைத் தைப்பதுபோலக் கதையைத் தைத்திருக்கிறார், ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு” என்று எழுதினேன். பதிலுக்கு மனிதர் அடுத்த நாவலைக் கூரியரில் அனுப்பினார்.

அதன் முதல் அத்தியாயத்தில், செஞ்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு தொந்திக்காரர், கதைகளின் முடிவை ஊருக்குச் சொல்லும் வியாதி உள்ளவர், மெஷின் கண்ணாடிமேல் கன்னம் அழுந்தச் செத்துக்கிடக்கிறார். மெஷின் அவர் மூஞ்சியைப் பிரதி எடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் பாதி குடித்த டீ.

சிரித்தேன். பிறகு என் கையிலிருந்த டீயைப் பார்த்தேன். பாதி இருந்தது.

வழக்கமாகக் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படிப்பேன். இந்தமுறை விரல் போகவில்லை. என்னைக் கொன்றவன் அங்கே அச்சாகிக் கிடக்கிறான். தெரிந்தவனாக இருந்துவிட்டால்? எனக்கு முன்பே படித்துவிட்ட எதிர் டீக்கடைக்காரர் குரல் கொடுத்தார்.

“இன்னா சார், செத்துட்டீங்களாமே?”

“யாருய்யா கொன்னது?”

“அத மட்டும் கேக்காதீங்க. போன வாட்டி நான் பாதி படிச்சிட்டிருந்தப்போ சித்தப்பான்னு போட்டுக் கெடுத்தீங்களே, ஞாபகம் இருக்குதா? இப்ப நீங்க தவிங்க. டீ போடட்டா?”

“வேணாம்.”

வீட்டில் மனைவியும் அதைப் படித்து முடித்திருந்தாள், இரண்டு இடத்தில் சத்தமாகச் சிரித்து. சாப்பாட்டில் ரசத்தை முகர்ந்தேன்.

“இன்னாத்துக்கு மோந்து பாக்குறீங்க?”

“ஒண்ணுமில்ல. யாரு கொன்னதுன்னு மட்டும் சொல்லேன்.”

“படிச்சிக்குங்க. வெசம் வெக்கணும்னா கல்யாணமான வருஷமே வெச்சிருப்பேன். இவ்ளோ நாளா ரசம் வெச்சிட்டிருக்க மாட்டேன்.”

ஆறுதலாகத்தான் சொன்னாள் போலிருக்கிறது. ரசத்தை நான் தொடவில்லை.

மறுநாள் பசி தாங்காமல், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். கொலையே இல்லை! ஒரு நிமிஷம் உயிர் வந்தது. அடுத்த பத்தியில் போய்விட்டது. கடைக்காரர் தனியாக உட்கார்ந்து ஒரு திகில் நாவல் படித்துக்கொண்டிருந்தாராம். மேலேயிருந்து ஒரு பல்லி பிடரியில் விழுந்ததாம். பயத்திலேயே ஆள் காலி. ‘இவனைக் கொல்ல ஆளே தேவையில்லை’ என்று சொல்லி இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்.

அந்த வாரமே மண்டிக்காரர் ஏதோ பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்தார்.

“விமர்சனம் இன்னும் எழுதலியா சார்?”

“எழுதணும்.”

“எப்பவும்போல முடிவ மொத வரியிலயே போட்டுடுங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. உங்க பேஜ்ல வெளியூர்க்காரங்கதான் நெறைய பேராமே? அவங்களும் தெரிஞ்சிக்கட்டும்.”

சொல்லிவிட்டு அண்ணாந்து என் கடைக் கூரையைப் பார்த்தார். நானும் பார்த்துத் தொலைத்தேன்.

வாழ்க்கையில் முதல்முறையாக எழுதினேன்: “முடிவைச் சொல்லப்போவதில்லை. வாசகர்களே படித்து அனுபவிக்கட்டும்.” கீழே பாராட்டுகள் குவிந்தன. கடைசியில் நான் மனுஷனாகிவிட்டேனாம். அப்படி என்னதான் முடிவு என்று ஆளாளுக்குப் புத்தகத்தை வாங்கினார்கள். மண்டிக்காரர் இரண்டாம் பதிப்பு போட்டார், பின்னட்டையில் என் வரியையே அச்சடித்து.

பல்லி. கேட்டுக்கொள்ளுங்கள், பல்லிதான். என் மானம் போனால் போகட்டும். அந்தப் புத்தகம் இனி ஒரு பிரதிகூட விற்கக் கூடாது.