பாக்கியிருந்த இரண்டு மாதப் படிப்பு

நேற்று மழையில் நனைந்த கால்மிதியைப் பக்கத்து வீட்டுப் பெண் வேலியில் காயப் போட்டிருந்தாள். ஈரத் தேங்காய்நார் வாசனை. உங்களுக்கு அது வெறும் கால்மிதி. எனக்கோ, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மலாயாவின் ஜொகூர் பாருவில் நான் வார்டராக இருந்த சிறைச்சாலை. கைதிகள் பகலில் கயிறு திரிக்கும் கொட்டகைதான் சாயங்காலம் பள்ளிக்கூடம். சிலேட்டைத் துடைப்பதும் ஒரு பிடி நாரால்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தமிழ் எழுதத் தெரிந்த வார்டர் வேறு யாரும் இல்லாததால் சிறையை நடத்திய வெள்ளைக்காரத் துரை என்னை வாத்தியாராக்கிவிட்டார். ஒரே பயம். யாராவது கேள்வி கேட்டுவிட்டால்?

கேட்டவர் வேலாயுதம் ஒருவர்தான். என்னைவிட மூத்தவர், மூவார்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளி. மரத்தில் உறைந்துபோன ரப்பர் பாலை, ஒட்டுப்பாலை, திருடியதாக உள்ளே வந்தவர்.

"தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி எழுதுன காயிதத்துல கைநாட்டு வச்சேன் சார். அதுல என்ன இருந்துச்சுன்னு கோர்ட்டுலதான் தெரிஞ்சுது. இனிமே படிச்சுப் பாக்காம எதுலயும் விரல வைக்கமாட்டேன்."

தட்டுத் தடுமாறி எழுத்துக்கூட்டும் நிலைக்கு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, ஒழுங்காகப் படிக்கிறார் என்று மெச்சி, தண்டனையைக் குறைத்து, அடுத்த வாரமே விடுதலை என்றுவிட்டார் துரை. எங்கே போய் முட்டிக்கொள்வது?

"இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறேன்னு சொல்லுங்க சார்."

வாசல் காவலில் நின்ற வார்டர் மாணிக்கம் சிரித்தார். "அலமாக், மாமியார் வீட்ட விட்டுப் போக மனசில்லையா லா?"

வேலாயுதம் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. ரயிலடியில் மூட்டை தூக்கினார். வகுப்பு நேரத்துக்குச் சிறை வாசலில் வந்து நிற்பார். தோட்டத்துப் பள்ளிக்கூடமெல்லாம் பிள்ளைகளுக்குத்தானே, அவர் எங்கே போவார்? துரையிடம் கேட்டேன். வெளியாளை உள்ளே விட விதி இல்லையாம். என் வீட்டுக்கு வரச் சொல்லலாம் என்றால், கைதியாயிருந்தவரோடு வார்டர் பழகக் கூடாதாம், வேலை போய்விடுமாம். விதி, விதி.

"உள்ள வர ஒரு வழிதான் இருக்கு அண்ணே," என்றார் மாணிக்கம். "போயி எதையாச்சும் திருடிட்டு வாங்க."

வேலாயுதம் சிரிக்கவில்லை. "எதத் திருடுனா ரெண்டு மாசம் குடுப்பாங்க?"

அதன் பிறகு அவர் வாசலுக்கு வரவில்லை. புதுக் கைதிகள் வரிசையாக வரும்போதெல்லாம், அவர் இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே முகம் முகமாகத் தேடுவேன்.

அடுத்து வந்த துரை வகுப்பை நிறுத்திவிட்டார். சிலேட்டுகள் எங்கே போயினவோ. கொட்டகையும் இன்று இல்லை. வகுப்பு நின்ற பிறகும் நான் வரிசையைப் பார்ப்பதை விடவில்லை. கவலை மட்டும் மாறியிருந்தது. திருடிவிட்டு வந்து நின்றாரானால், படிப்பு எங்கே என்று கேட்பாரே.