எரியாத விளக்குக்காகச் சண்டை போட்டவர்

வெள்ளிக்கிழமை காலை, வளைகுடாவில் எங்கள் ருவைஸ் தொழிலாளர் கேம்ப்பில் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பக்கத்து ரூம் முருகேசன் செல்போனைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தான். "அண்ணே, நம்ம மரியதாசன் அண்ணன் நேத்து சாயங்காலம் யார்டுல மயங்கி விழுந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் பிரயோசனம் இல்லையாம். போயிட்டாருண்ணே" என்றான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது அடங்கவில்லை. அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை மெஸ் ஹாலில் இரங்கல் கூட்டம். படத்துக்கு மாலை போட்டுவிட்டு எங்கள் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் பேசினார். "அமைதியான மனிதர். இத்தனை வருஷத்தில் ஒரு புகார் சொன்னதில்லை" என்றார். யாருடைய இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிறோம் என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். மரியதாசன் அண்ணன்தான்.

அவர் குமரிக் கடற்கரைக்காரர், ஆட்களைச் சைட்டுக்கு ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். நான் சிவகங்கைப் பக்கம், அந்த பஸ்ஸில் ஆள் கணக்கு எடுக்கும் டைம்கீப்பர். முன் சீட்டில் அவருக்குப் பக்கத்திலேயே பல வருஷம் உட்கார்ந்து போனவன் என்பதால் சொல்கிறேன், அந்த மனிதர் புகார் சொல்லாத நாளே கிடையாது. மெஸ் சாம்பாரில் பருப்பு இல்லை என்பார். ரூம் ஏசி ஒழுகுகிறது என்று கேம்ப் பாஸ் வீட்டு வாசலில் போய் நிற்பார். அபுதாபிக்குக் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போய்வந்தால் சாமியாரின் பிரசங்கம் நீளம் என்று அதற்கும் ஒரு பாட்டம் திட்டுவார்.

வண்டி விஷயத்தில் கேட்கவே வேண்டாம். காலையில் ஏறியதும் சாவியைப் பாதி திருப்பி நிறுத்துவார். டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அது அணைய வேண்டும். "எரியணும், பொறவு அணையணும். ரெண்டுல ஒண்ணு நடக்கலன்னாலும் எனக்கு மனசு சமாதானம் ஆகாது வேய்" என்பார்.

வளைகுடாவில் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு உண்டு. இங்கத்திய வெயிலுக்குப் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், அது உண்மைதான். அதனால் சிவப்பு விளக்கு எரிந்தாலே பேட்டரியை மாற்றிவிடுவார்கள். புதுப் பேட்டரி ஒன்றிரண்டு நாள் நன்றாக இழுக்கும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த விளக்கு பெரும்பாலும் சொல்வது, ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை என்பதை. பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஒயர் விட்டிருக்கலாம், சார்ஜ் ஏற்றுகிற டைனமோவே கெட்டிருக்கலாம். "அரிசி இல்லாத வீட்டுல பானைய மாத்தி என்ன வேய் பிரயோசனம்?" என்பார் அண்ணன். "நானும் வந்த புதுசுல என் ஓட்டக் காருக்கு ரெண்டு பேட்டரி மாத்தின மடையன்தான். கடைசில பாத்தா பெல்ட்டு லூசு" என்று அவரே சிரிப்பார்.

ஓர் ஆகஸ்டில் எங்கள் பஸ்ஸில் அந்த விளக்கு அணையாமல் எரிந்தது. டைனமோவைப் பார்க்கச் சொல்லி அண்ணன் சத்தம் போட்டார். ஒர்க்ஷாப் ஃபோர்மேன் பேட்டரியை மாற்றி, "கலாஸ்", வேலை முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து, சைட்டிலிருந்து திரும்பும்போது பாலைவன ரோட்டில் ஏசி காற்று முதலில் செத்தது, பிறகு என்ஜின் நின்றது. திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னல்கள். எல்லோரும் இறங்கி, பஸ்ஸின் ஒட்டு நிழலில் நெருக்கியடித்து நின்றோம். பெரம்பலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் மணலில் சரிந்து விழுந்து கைகால் வெட்டி இழுத்தார். அண்ணன் தன் சட்டையைக் கழற்றி, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நனைத்து, அவர் நெஞ்சில் போட்டுக்கொண்டே இருந்தார். ஆள் பிழைத்துக்கொண்டார்.

இதற்குப் பிறகாவது டைனமோவைப் பார்த்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இன்னொரு பேட்டரியைப் போட்டார்கள். கூடவே அந்தச் சிவப்பு விளக்கின் பல்பைப் பிடுங்கிவிட்டார்கள்! சைட் கேட்டில் செக்யூரிட்டி டேஷ்போர்டை எட்டிப் பார்ப்பான், சிவப்பு விளக்கு எரிகிற வண்டியை உள்ளே விடமாட்டான். அதற்கு இவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் இது.

மறுநாள் காலை ஆட்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்தாயிற்று. அண்ணன் சாவியைப் பாதி திருப்பினார். விளக்கு எரியவில்லை. சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டார். ஃபோர்மேன் ஓடிவந்து, "லைட் நஹீ ஹை தோ ப்ராப்ளம் பீ நஹீ. யல்லா, ஜல்தி!" விளக்கு இல்லையென்றால் கோளாறும் இல்லை, சீக்கிரம் கிளம்பு என்று கத்தினார். "லைட் நஹீ ஹை, ஓஹீ ப்ராப்ளம் ஹை பாய்!" விளக்கு இல்லாததுதான் கோளாறே என்று இவர் அதைவிடப் பெரிதாகக் கத்தினார். அந்த வண்டியில் டைனமோவை எழுப்பிவிடும் கரண்டே அந்தப் பல்பு வழியாகத்தான் போகும். விட்டு விட்டு வேலை செய்த டைனமோவை இவர்கள் ஒரேயடியாகத் தூங்க வைத்திருந்தார்கள். என்ஜினை ஓட்டி, பேட்டரியில் மீட்டர் வைத்து எல்லோருக்கும் காட்டினார். முள் ஏறவே இல்லை. அன்று வேறு பஸ்தான் வந்தது.

அதன் பிறகு டைனமோவைச் சரிசெய்தார்கள், பல்பையும் மாட்டினார்கள். அண்ணனை மட்டும் பஸ்ஸிலிருந்து தூக்கி யார்டில் போட்டார்கள். நிழல் இல்லாத யார்டில் வண்டி கழுவுகிற வேலை. போட்டவர் யார் தெரியுமா? அமைதியான மனிதர் என்று மாலை போட்டாரே, அவரேதான். "ஒரு சாரி சொல்லிட்டு பஸ்ஸுக்கே வந்துருங்கண்ணே" என்று நான்கூடக் கெஞ்சியிருக்கிறேன். "சாரி சொல்லுகதுக்கு நான் என்ன வேய் தப்பு செஞ்சேன்? அன்னைக்கு மணல்ல கெடந்து துடிச்சவன் எவ பெத்த பிள்ளையோ" என்றார். ஆஸ்பத்திரித் தாளில் இருதயம் என்று எழுதியிருக்கிறார்கள். வெயில்தான் கொன்றது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த யார்டில் நிற்க வேண்டிய ஆள் அவர் இல்லை என்று சொல்ல டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் காலை, வழக்கமான முன் சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவர் வேலைக்குப் புதிது, பெஷாவர்க்காரர். சாவியைத் திருப்பினார். என் கண் தானாக அந்த இடத்துக்குப் போயிற்று. விளக்கு எரியவில்லை.

"பாய், பேட்டரி லைட் கிதர் ஹை?" விளக்கு எங்கே என்று கேட்டேன். மறுபடி அணையாமல் எரிந்தது, ஒர்க்ஷாப்பில் பல்பைக் கழற்றிவிட்டார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். நான் இறங்கினேன். எனக்குப் பின்னால் முருகேசன் இறங்கினான். பிறகு பஸ் முழுவதும் இறங்கியது.

மேனேஜரே வந்துவிட்டார். "கிஸ்னே போலா? யார் கிளப்பிவிட்டது இதை?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மரியதாசன் போலா, சார்" என்றான் முருகேசன்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது விளக்கைத் தேடும் இந்த ஒரு பார்வையும், இறங்கி நிற்கிற கால்களும்தான். இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அன்று டைனமோவைப் பார்த்து, பல்பை மாட்டி, அது எரிந்து அணைந்ததை எல்லோரும் பார்த்த பிறகுதான் பஸ் கிளம்பியது.