போதிசத்துவருக்குக் கீழே ஒரு சிவப்பு பல்ப்

மூன்று உலகங்களிலும் என்னைப்போல் படம் எடுக்க ஆளில்லை என்பது நீங்கள் அறிந்ததே.

அஜந்தாக் குகைச் சுவரில் நான் எடுத்த போதிசத்துவர் படத்தை, சட்டம் போடக் கொடுத்திருந்த மோர்னிங்சைட் வீதிக் கடையிலிருந்து இன்று எடுத்துவரப் போனேன். அதை அஜக்ஸ் நகரிலுள்ள எங்கள் வீட்டு ஹோலில் மாட்ட மனைவி ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தாள்.

"எனக்குப் பயமாயிருந்தா, படமும் நீங்களும் கராஜுக்கைதான்."

யாரோ காலமாகிவிட்டார் என்று நினைத்து, கடைக்காரத் தம்பி சட்டத்தின் அடியில் சின்னச் சிவப்பு பல்ப் பூட்டியிருந்தார்.

"அப்பாவோ அங்கிள்? சாந்தமான முகம்," என்று பல்பைப் போட்டார்.

குகையில் வழிகாட்டி டோர்ச்சை இடப்பக்கம் பிடித்தபோது அந்த முகம் சிரித்தது. வலப்பக்கம் பிடித்தபோது துக்கப்பட்டது. கீழேயிருந்து பிடிக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார்.

அது கற்சுவர், மேடுபள்ளத்தில் நிழல் மாறும். இது வெறும் தாள். ஆனாலும், தாழ்ந்திருந்த கண்கள் மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தன.

"தம்பி, லைற்றை நிப்பாட்டும்!"

"அப்பவே நிப்பாட்டிப்போட்டன், அங்கிள்."

வீட்டில் மனைவி ஒரு கணம்தான் பார்த்தாள்.

"ஐயோ, உவர் ஏனப்பா உங்களையே பாக்கிறார்? நடவுங்கோ கராஜுக்கு!"

கராஜிலிருந்துதான் எழுதுகிறேன். ஏழாயிரம் யானைகளை ஒற்றைக் கையால் அடக்கிய நான், படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். அதைத் திருப்பி, கண்கள் தாழ்ந்துவிட்டனவா என்று பார்த்துச் சொல்ல ஒரு துணிந்த ஆள் தேவை.

வருபவர் உட்காரக் கதிரை போட்டாயிற்று. யார் வருகிறீர்கள்?