வசந்தா மேடம் திறக்கச் சொன்ன கேட்

ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றத்துக் கேட்டின் கொண்டிச் சத்தம் கேட்டது. பின்வீட்டுப் புஷ்பா என் சமையலறை வாசலில் வந்து நின்றாள். என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி அவள். மூன்று வருஷமாக அந்தக் கேட் வழியாகத்தான் போகிறாள், வருகிறாள்; என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினாள்.

“அக்கா, உங்க மேடம் போயிட்டாங்களாம்.”

மேடத்தின் மகள் முதலில் எனக்குத்தான் போன் போட்டிருக்கிறார். என் போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. மேடம் வைத்திருந்த ஒரு காகிதத்தில் புஷ்பாவின் நம்பரும் இருந்ததால் அவளுக்குப் போட்டிருக்கிறார். அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

மேடத்திடம் சட்டம் படித்தவர்கள் போடும் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னீர்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஹப்சிகுடாவில் மேடம் வீட்டில் பத்தொன்பது வருஷம் சமைத்தேன். நாட்டுக்கும் நாட்டுக்கும் நடந்த வழக்குகளை நீங்கள் ஹாலில் உட்கார்ந்து படித்தீர்கள். நான் உள்ளே பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டேன்.

ஒரு நாள் நான் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்த தரையில் உங்களில் ஒரு பெண் வழுக்கி விழுந்தாள். பார்த்து வரக்கூடாதா என்று நான் முணுமுணுத்தேன். மேடம் என்னை உட்காரவைத்து, கார்ஃபு கால்வாய் வழக்கு என்று ஒன்றைச் சொன்னார். ஒரு நாட்டின் கடலில் கண்ணிவெடி கிடந்தது, வேற்று நாட்டுக் கப்பல்கள் மோதி ஆட்கள் செத்தார்கள். வெடியைப் போட்டது யார் என்று கோர்ட்டால் கடைசிவரை சொல்ல முடியவில்லையாம். “இருக்குன்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்தது தப்புன்னு தீர்ப்பு. நீயும் தரை ஈரம்னு ஒரு குரல் குடுத்திருக்கலாம்” என்றார். அதற்குப் பிறகு நான் துடைக்கும்போது குரல் கொடுக்காமல் இருந்ததில்லை. அந்தச் சத்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இனி என் வழக்கு, மூன்று வருஷத்துக்கு முந்தியது. திருமுல்கேரியில் எங்கள் வீடு முன்னால், கொழுந்தன் வீடு பின்னால். பாகம் பிரித்ததில் முற்றம் எங்கள் பக்கம் வந்தது. அவர்கள் ரோட்டுக்கு வர வேறு வழி கிடையாது. கொழுந்தன் ஆட்டோ வாங்கி அதை முற்றம் வழியாக உள்ளே கொண்டுபோக ஆரம்பித்தார். அடுப்படி ஜன்னலில் புகை. கேட்டதற்குப் புஷ்பா, “வழி எங்களுது, மூக்கை நீங்க மூடிக்குங்க” என்றாள். நான் கேட் வைத்துப் பூட்டுப் போட்டேன். அவர்கள் கேஸ் சிலிண்டரைச் சுவர் ஏறித் தூக்கிப் போனார்கள். போலீஸ் வரைக்கும் போகும் நிலை.

மேடத்திடம் போய் நியாயம் கேட்டேன். எனக்காகப் பேசுவார் என்றுதான் நினைத்தேன். “அவங்களும் ஒத்துக்கிட்டாத்தான் நான் கேப்பேன். உலகக் கோர்ட்டே அப்படித்தான்” என்று சொல்லிவிட்டார். புஷ்பாவைக் கூட்டி வந்ததே பெரும்பாடு. உங்க மேடம் உங்களுக்குத்தானே சொல்வாங்க என்றாள். அதையும் மேடத்திடம் நேராகவே சொன்னாள். மேடம் கோபப்படவில்லை, சந்தேகம் இருந்தால் எழுந்து போகலாம் என்று கதவைக் காட்டினார். புஷ்பா போகவில்லை.

முதலில் கேள்வியை எழுத வேண்டும், அதில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். என் இடத்தில் அவள் ஏன் வர வேண்டும் என்பது என் கேள்வி. எங்கள் வழியை இவள் ஏன் பூட்ட வேண்டும் என்பது அவள் கேள்வி. இரண்டு மத்தியானம் இதிலேயே போனது. “கேள்வியே ஒண்ணாகலன்னா நான் எதுக்குப் பதில் சொல்றது?” என்று மேடம் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். கடைசியில், பின்வீட்டார் முற்றம் வழியாகப் போகலாமா, எதையெல்லாம் கொண்டுபோகலாம் என்று எழுதி, கீழே கையெழுத்தும் போன் நம்பரும் போட்டு மேடத்திடம் கொடுத்தோம்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். “எத்தனை வருஷமா அவங்க அந்த வழியா நடக்கறாங்கன்னு நீங்க சொல்லுங்க.” தினமும் என்னை நீ என்று கூப்பிடுகிறவர் அன்று நீங்க என்றார். பொய் வரவில்லை. மாமியார் காலத்திலிருந்து என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையில் தோற்றேன்.

போர்ச்சுகல்காரன் நம் நாட்டு மண் வழியாகத் தன் ஊர்களுக்குப் போக உரிமை கேட்டுப் போட்ட வழக்கை அன்று சொன்னார். நூறு வருஷத்துக்கு மேல் நடந்து பழகிய வழி, அதனால் ஆளும் சாமானும் போகலாம், பட்டாளமும் ஆயுதமும் போகக்கூடாது என்றார்களாம். எங்களுக்கும் அதுபோலத்தான் சொன்னார். ஆள் போகலாம், சிலிண்டர், தண்ணீர் டிரம் போகலாம். ஆட்டோ ரோட்டிலேயே நிற்க வேண்டும். கேட் இருக்கட்டும், பூட்டு கூடாது.

“நான் கேக்கலன்னா?” என்றேன்.

“கேக்கலன்னா என்ன பண்றது? எங்கிட்ட போலீஸ் இல்ல. ஆனா கையெழுத்துப் போட்டது நீங்க, நான் இல்ல.”

நான் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நாலாம் நாள் பூட்டைச் சாவியோடு கொண்டுபோய் மேஜை மேல் டொக்கென்று வைத்தேன். மேடம் அதைத் தன் புத்தக அலமாரியில் மாட்டிவிட்டார். சாப்பிடும்போது, “ரசத்துல உப்பு தூக்கலா இருக்கு, சகுந்தலா” என்றார். கோபத்தில் போட்ட உப்பு. முழுவதும் சாப்பிட்டார்.

காரியம் முடிந்த அன்று மேடத்தின் மகள், புத்தகங்களைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லி அந்தப் பூட்டையும் சாவியையும் என்னிடம் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், இனி கேட்க யாரும் இல்லை என்ற நினைப்பு எனக்கு வந்தது. புஷ்பா பேசியது துக்கத்தில் ஒரு நாள். நாளைக்கு மறுபடியும் ஆட்டோ வந்தால்? பூட்டு கையில் இருந்தது. தீர்ப்புச் சொன்னவர் இல்லை. கையெழுத்துப் போட்டவள் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முற்றத்தைத் தாண்டிப் பின்வீட்டுக்குப் போனேன். மூன்று வருஷத்தில் நான் அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. சாவியைப் புஷ்பாவிடம் கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“அப்ப ஆட்டோவும் உள்ள வரலாமா அக்கா?”

“நக்கோ, கூடாது. மேடம் அதைச் சொல்லல.”

சிரித்துக்கொண்டே சாவியைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

மேடம் வீட்டிலிருந்து எனக்கு வந்தது அந்தப் பூட்டு ஒன்றுதான். அரிசி டப்பா மேல் வைத்திருக்கிறேன். அதன் சாவி பின்வீட்டில் இருக்கிறது.